ஓட்டு ஊரில், பூட்டு தாராவியில்

தோல் பை தைக்கும் கைகளாலேயே இந்தத் தெருக் கமிட்டியையும் கட்டிக் காத்துவரும் இன்றைய விழாத் தலைவர், பெருமதிப்பிற்குரிய அண்ணன் அபுதாஹிர் அவர்களே! அவர் அருகில் அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் செயலாளர் வானமாமலை அவர்களே! நாற்காலி கிடைத்த பெரியோர்களே, கிடைக்காத இளையோர்களே! முதல் வரிசையை எவருக்கும் விட்டுக்கொடுக்காத தாய்மார்களே! மாட்டுங்காவில் பிறந்து, செம்பூர்க் கல்லூரியில் பாடம் நடத்தும் விஜயலட்சுமியின் பணிவான வணக்கம்.

நான் நடத்தும் பாடம், மாநில அரசும் உள்ளாட்சியும். பெயரைக் கேட்டதுமே கொட்டாவி வருகிறதா? வரட்டும். பட்டப்படிப்பில் இதைக் கேட்டு வாங்கிப் படிப்பவர் குறைவு. வேறு பாடம் கிடைக்காமல் வந்து உட்காருபவரே அதிகம்.

"அதப் படிச்சா வேல கெடைக்குமா டீச்சர்?" என்று பின்னால் ஒரு குரல் கேட்கிறது. தெரியாது ஐயா. விற்க வரவில்லை நான். நடந்ததைச் சொல்ல வந்தேன். தலைவரிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். எவ்வளவு சொல்வேன் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

தலைவரின் மகள் உமைரா என் மாணவி. போன மழையில் இந்தத் தெருவின் பொதுக் கழிப்பறைத் தொட்டி உடைந்தது. ஆண்கள் பக்கம் ஒரு பூட்டு, பெண்கள் பக்கம் ஒரு பூட்டு. முழங்கால் வலியோடு உமைராவின் தாய் ராபியா, தொண்ணூறு அடி ரோட்டைத் தாண்டிப் போய், அடுத்த தெருவில் வரிசையில் நின்றார். சாக்கடை யார் பொறுப்பு? சந்து விளக்கு யார் பொறுப்பு? டெல்லியா? மாநில அரசின் மந்திராலயமா? மாநகராட்சியா? வகுப்பில் கேட்ட கேள்வியை அந்தப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோனாள். விடை மாநகராட்சி என்றதும், தெருக் கமிட்டியார் நகர்சேவக்கை, அதாவது வார்டு கவுன்சிலரைப் பார்க்கப் புறப்பட்டார்கள். உமைராவும் கூடப் போனாள்.

நகர்சேவக் நல்ல மனிதர். டீ கொடுத்தார். குறையைக் கேட்டார். கேட்டுவிட்டு, ஓட்டு எங்கே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வோட் கிதர் ஹை, பாய்?"

நம் தலைவர் நெஞ்சை நிமிர்த்தி, "ஹமாரா வோட் காவ்ங் மே!" என்றார். ஓட்டு ஊரில்! எப்பேர்ப்பட்ட பெருமை! பஞ்சாயத்துத் தேர்தலுக்கு டிக்கெட் போட்டு, ரயிலேறி, திருநெல்வேலிப் பக்கம் போய் மச்சானுக்கு ஓட்டுப் போட்டு வருவதை எல்லாரும் சேர்ந்து விளக்கினார்கள். நகர்சேவக் பொறுமையாகக் கேட்டு, வாசல் வரை வந்து வழியனுப்பினார். பூட்டு அப்படியே இருந்தது.

சிரிக்கிறீர்கள். இங்கே சிரிப்பவர்களில் எத்தனை பேருக்கு ஓட்டு இங்கே இருக்கிறது? பாருங்கள், சத்தம் குறைந்துவிட்டது.

அன்று வீட்டில் உமைரா கேட்டிருக்கிறாள்: "வாப்பா, கக்கூஸ் இங்கல்லா இருக்கு? மச்சானா வந்து தெறப்பாக? ஓட்ட இங்க மாத்துங்களேன்."

தலைவருக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குள்ளே வேறொன்றும் இருந்தது. "ஊர்ல பேர எடுத்துட்டா, நான் மௌத்தானவன் கணக்குல்லா? என்னப் பெத்த மண்ணுல நான் இல்லன்னு எழுதச் சொல்லுதியா?" என்றார். மௌத்து என்றால் சாவு; பட்டியலில் பெயர் போனால் அவருக்கு அதுவேதான். இதற்கு என் பாடத்தில் பதில் இல்லை. ஓர் ஆள் ஓரிடத்தில்தான் வாக்காளர் என்று சட்டம் சொல்லும். அந்த இடத்தை விடும்போது என்ன வலிக்கும் என்று சொல்லாது.

பதில் சொன்னவர் ராபியா. "நீங்க ஊர்லயே இருங்க. எங் காலு இங்கதான நடக்கு? எம் பேரு இங்க இருக்கட்டும்." எதிர்வீட்டுச் சொர்ணம்மாள் சன்னலிலிருந்தே, "ஏ ராபியா, எம் பேரயும் சேத்துக்கிடுங்கட்டீ!" என்றார். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் ஆபீசுக்கு உமைரா அழைத்துப்போனாள். தெருவே திரண்டது என்று சொல்ல ஆசை; திரண்டவர்கள் பெண்கள் மட்டும்.

மாநகராட்சித் தேர்தல் வந்தது. வேட்பாளர்கள் வந்தார்கள். வாசலில் நின்ற தலைவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "பாபி ஹை க்யா?" அண்ணி இருக்கிறாரா என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்துக்குப் புதுத் தொட்டி வந்தது. கதவு திறந்தது. ஆண்கள் பக்கம்? இன்று காலை நானே பார்த்தேன், அதே பூட்டு. இந்தத் தெரு ஆண்கள் விடியற்காலையில் ரோட்டைத் தாண்டிப் போகிறார்கள். இது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். ஓட்டுக்கேற்ற தொட்டி நியாயமில்லைதான். அதைத் தட்டிக் கேட்பதற்கும் இங்கே ஓர் ஓட்டு வேண்டும்.

அடுத்த மாதம் ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல். தலைவர் டிக்கெட் போட்டுவிட்டார். போய் வரட்டும். அது அவர் உரிமை. நான் பாடம் நடத்துபவள். யாரையும் ரயிலிலிருந்து இறக்க வந்தவளல்ல.

என்ன தலைவரே? நேரமாகிவிட்டதா? சொல்லுங்கள்.

"டீச்சர்... ஆம்பளயாளுக்கும் ஓட்ட இங்க மாத்தித் தருவாகளா?"

அவர் மெல்லத்தான் கேட்டார். இந்த மைக்குக்கு மெல்லக் கேட்கத் தெரியாது. கைதட்டாதீர்கள், அவர் கண் கலங்கியிருக்கிறது.

தருவார்கள், அண்ணே. அதற்காக யாரும் மௌத்தாக வேண்டியதில்லை. உமைரா வழி காட்டுவாள், உங்கள் மகள்தானே.

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், கடிகாரத்தை மறந்துவிட்ட செயலாளருக்கும், இருக்கும் தெருவில் இருக்கத் துணிந்த தலைவருக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.