சூடாகாத பெட்டி

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மா கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கொட்டச்சேட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் என்று பேச்சில் தெரிந்தது. பக்கத்தில், அதைப் பழுதுபார்க்க அவருடன் வந்த மெக்கானிக், பெட்டியின் மூடியைத் திறந்து செல்போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பவர் சப்ளையை மாத்திப் பார்த்துட்டேன், ராமையும் மாத்திப் பார்த்துட்டேன். மதர்போர்டுதானுங்க போயிருச்சு. பாருங்க, பச்சை பூத்துக் கெடக்குது. மேல தண்ணி ஏதாச்சும் பட்டுச்சுங்களா?"

"தண்ணியெல்லாம் இல்லீங்க. மழை நாள்ல பையனோட சாக்ஸைத் தொவச்சு மேல போடுவேன், அவ்வளவுதான்."

"சாக்ஸுங்களா?"

அதுவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த நான் திரும்பினேன்.

"பின்ன, இந்த மூடுபனில துணி எங்கீங்க காயுது? இந்தப் பெட்டி மேல ஓட்டை வழியா நொம்ப நல்லா சூடு வரும். மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும்."

பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்ப, மெக்கானிக் பெட்டியின் மூடியைப் போட்டார்.

"இது பழைய மாடலுங்க. இதுக்குப் போர்டு தேடி அலையறதுக்கு, புதுசா ஒரு சின்னப் பெட்டி வாங்கிக்கலாம். நாள் பூரா ஓடினாலும் சூடே ஆகாதுங்க."

"அப்ப வேண்டாமுங்க. இதுக்கே போர்டு தேடிப் போட்டுக் குடுங்க."

"ஏனுங்க?"

"எங்க ஊட்டுச் சாக்ஸ் மட்டும்னா பரவால்லீங்க. அக்கம்பக்கத்து ஊட்டுச் சாக்ஸெல்லாம் என் கடையிலதானுங்க காயுது. இனிமே எல்லாரையும் நல்லாப் பிழிஞ்சு கொண்டாரச் சொல்லிடறேன்."