இருபதாவது எதிராளி

மாலை ஐந்தரை மணி. டிசம்பர் மாதம். நாராவிலிருந்து ஒசாக்காவுக்கு வரும் பழைய மலைப்பாதை... சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்தப் பக்கம் ஈ காக்கை போவதில்லை.

இது நம் கூட்டாளி நிஷிவாகியின் அக்கா சதோமிக்கு நடந்தது. அவனுக்கு இன்று நைட் ஷிப்ட், அதனால் இங்கே வரவில்லை. இல்லையென்றால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

சதோமிக்குக் காய்ச்சல். பின்சீட்டில் படுத்திருந்தாள். காரை ஓட்டியது அவள் கணவர் கட்சுயா. ஒரு வளைவில் தடுப்புக் கம்பி நசுங்கிக் கிடந்தது. அதனடியில் பூ. ஊதுபத்தி வாசனை. 'தகூமி, ஏழு வயது' என்று ஓர் அட்டை. பக்கத்தில், பிளாஸ்டிக் பையில், கையடக்க வீடியோ கேம் ஒன்று.

கட்சுயா பிரேக்கை மிதித்துவிட்டார்.

கடைக்கு வந்து இரண்டே வருஷத்தில் காணாமல் போன கேம் அது. ஏழு வயதில் அவரிடமும் இருந்தது. குத்துச்சண்டை ஆட்டம். பத்தொன்பது பேரை வீழ்த்தியவருக்கு இருபதாவது ஆள் மட்டும் மசியவே இல்லை. அதற்குள் பெட்டி உடைந்தது. வேறு வாங்கக் கடையில் இல்லை. முப்பத்திரண்டு வயதிலும் அந்த வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

"செத்த பிள்ளைக்கு வச்சதுங்க. எடுக்காதீங்க," என்றாள் சதோமி.

"சாமிக்குப் படைச்சதை எறக்கி நாம சாப்பிடலையா? அது மாதிரிதான்."

நம் வீட்டு மாடத்தில் படைத்ததை நாம் எடுக்கலாம். ஊரான் பிள்ளைக்கு வைத்ததை எடுக்கலாமா? அந்த மனுஷன் கைகூப்பினார், பதிலுக்கு ஒரு காப்பி டின்னை வைத்தார், எடுத்துக்கொண்டார்.

"பேட்டரி இல்லாமலே ஓடுச்சுன்னு சொல்லப்போறே!" என்று இங்கே ஒருத்தன் சிரிக்கிறான் பார்.

இருந்துச்சுடா. இருபத்தஞ்சு வருஷமா அந்தப் பையனோட அம்மா பூவோட புது பேட்டரியும் மாத்தி வைக்கிறாங்க. வாயை மூடிட்டுக் கேளு.

கட்சுயா காரிலேயே உட்கார்ந்து கேமைப் போட்டார். திரையில் 'தகூமி' என்ற வீரன். பத்தொன்பது வெற்றி. எதிரே... அந்த இருபதாவது ஆள்.

முதல் குத்து. தொப். பின்னால் சதோமி முனகினாள். காய்ச்சல் என்று நினைத்தார்.

தொப்... தொப். பிறகு 'சடக்'. காருக்குள் துருப்பிடித்த இரும்பு வாசனை. நடுநடுவே வீரன் கையைத் தொங்கவிட்டு நின்றான். பட்டனை அமுக்கினாலும் அசையவில்லை. கட்சுயாவுக்கு வெறி ஏறியது.

"அடிடா! நிறுத்தாதே... அடி!"

வீரன் மெல்லக் கையைத் தூக்கினான். தொப். தொப். தொப்.

எதிராளி சாய்ந்தான்.

"சதோமி, ஜெயிச்சுட்டேன்!"

அப்போதுதான் கவனித்தார்... கேமில் சத்தம் முழுக்கக் குறைக்கப்பட்டிருந்தது.

திரும்பினார். சீட்டெல்லாம் ரத்தம். இரண்டு பற்கள் தரைவிரிப்பில் கிடந்தன. முகத்தில் கண் எது, வாய் எது என்று தெரியவில்லை.

உயிர் பிழைத்துவிட்டாள். நான்கு விலா எலும்புகளும் தாடையும் முறிந்திருந்தன. ஒவ்வொரு காயமும் சின்னப் பிள்ளையின் கை அளவுதான் என்றார் டாக்டர். கட்சுயாவின் கையில் ஒரு கீறல்கூட இல்லை. போலீஸ் அவரை விட்டுவிட்டது. ஆனால் அவர் வாசலில் வந்து நின்றாலே சதோமி அலறினாள்.

நிஷிவாகிக்குப் பொறுக்கவில்லை. "அடிச்சது அந்தப் பையன்தானேக்கா? அத்தானைப் பார்த்து எதுக்குப் பயப்படுறே?"

கம்பி கட்டிய வாயால் சொன்னாளாம்...

"அவன் ஒவ்வொரு குத்துக்கும் நிறுத்திட்டு அழுதான்டா... 'மாட்டேன், மாட்டேன்'னு. இவர்தான் விடல."