நோட்டில் இல்லாத தலைப்பு

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி, காஞ்சிபுரத்தில் குற்றவியல் நடுவர் முன்பு சாட்சி உறுதிமொழி எடுத்துச் சொல்லியது.

பெயர்: காந்தா. வயது: 41. கணவர் பெயர்: துரைக்கண்ணு. தொழில்: டி.டி.பி. ஆபரேட்டர். விலாசம்: ஏரிக்கரைத் தெரு, தென்னேரி.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்துகொண்டு, சின்ன காஞ்சிபுரத்தில் கலியாணசுந்தரம் என்பவருடைய டி.டி.பி. கடையில் பதினொரு வருடமாக வேலை பார்த்து வருகிறேன். சென்ற வருடம் காலமான ஆசிரியர் அழகியமணவாளன் அவர்கள் திருமுக்கூடல் கோயில் கல்வெட்டுகளைப் பற்றிக் கையால் எழுதி வைத்திருந்த ஒன்பது நோட்டுகளை, அவர் மனைவி அம்ருதவல்லி அம்மாள் புத்தகமாக்குவதற்காக எங்கள் கடையில் கொடுத்தார். நான் தட்டச்சு செய்ய, மணமாகிப் போயிருந்த அவர்களுடைய மகள் ஸிந்துஜா வீட்டிலிருந்தே பிழை திருத்துவது என்று ஏற்பாடு. அதற்காக ஸிந்துஜா இன்டர்நெட்டில் ஒரு கோப்பை உண்டாக்கி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திறந்து எழுதும்படி செய்து கொடுத்தார்.

கோப்பு வளர்ந்து 416 பக்கம் ஆகிவிட்டது. திறக்கவே நான்கு நிமிடம் ஆகும். நடுவில் ஒரு பக்கத்துக்குப் போக வேண்டுமென்றால் மவுஸின் சக்கரத்தை உருட்டி உருட்டி விரல் வலிக்கும். இதை ஸிந்துஜாவிடம் போனில் சொன்னபோது, ஒவ்வொரு அத்தியாயத்தின் பெயரையும் 'தலைப்பு' என்று குறித்து வைத்தால் முதல் பக்கத்தில் பொருளடக்கம் தானாக வரும், அதில் எந்தப் பெயரை அழுத்தினாலும் நேராக அந்த இடத்துக்குப் போய்விடும், புதிதாகத் தலைப்பு சேர்த்தால் மட்டும் பொருளடக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அது முதல் வெள்ளிக்கிழமைதோறும் காலையில் நான் அதைப் புதுப்பித்து ஒரு பிரதி எடுத்து வைப்பது வழக்கம். இது ஸிந்துஜாவுக்குத் தெரியும்.

ஜூலை கடைசியிலிருந்து அவரிடமிருந்து போன் வரவில்லை. நான் செய்தாலும் எடுக்கவில்லை. ஆனால் கோப்பில் பிழைகள் திருத்தப்பட்டுக்கொண்டே வந்ததால் நான் வேறுவிதமாக நினைக்கவில்லை.

ஆகஸ்ட் 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை சுமார் 11 மணிக்குப் பொருளடக்கத்தைப் புதுப்பித்தேன். 'நந்தா விளக்குக்கு விட்ட ஆடுகள்' என்ற தலைப்புக்கும் 'ஏரி வாரியம்' என்ற தலைப்புக்கும் நடுவில் 'வெளியே பூட்டிய கதவு' என்று ஒன்று இருந்தது. நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு தலைப்பு எதிலும் இல்லை. முதலாளியிடம், "இன்னா சார் இது, வாத்தியார் நோட்டுல இது இல்லவே இல்லியே" என்றேன். "அழுத்திப் பாரும்மா" என்றார். அழுத்தினேன். 287ஆம் பக்கம் வந்தது.

அதில் சிறிய எழுத்தில் இப்படி இருந்தது: "காந்தாக்கா, இது புத்தகத்தில் சேராது. பத்தொன்பது நாளாக என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறார். போன் அவரிடம். இடது மணிக்கட்டு உடைந்திருக்கிறது, டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை. புத்தகம் நின்றால் நாலு பேர் கேட்பார்கள் என்று இதை மட்டும் திறக்க விட்டிருக்கிறார். மெயில் எழுதினால் தெரிந்துவிடும். வேறு எதைத் திறந்தேன் என்று தினமும் பார்ப்பார். இந்தக் கோப்பில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்ப்பார், நடுவில் தேட அவருக்குப் பொறுமை கிடையாது. அம்மாவிடம் இப்போது சொல்லாதேங்கோ. அம்மா உடனே அவருக்குத்தான் போன் பண்ணுவாள்." இதற்குக் கீழே நகருக்கு வெளியே உள்ள புதிய மனைப்பிரிவு ஒன்றில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்று விலாசமும் கதவு எண்ணும் இருந்தன. ஒரு கையால் தட்டியதால் போலும், எப்போதும் பிழை விடாதவர் எழுத்தில் பல பிழைகள் இருந்தன.

முதலாளி எனக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "மொதல்ல பிரிண்ட் எடும்மா" என்றார். எடுத்தேன். அதன் பிறகு நான் அதற்குக் கீழேயே, "படிச்சிட்டேம்மா. அவரு எப்ப வெளிய போவாரு?" என்று அடித்தேன். ஒருவர் எழுதுவது மற்றவருக்கு அரை நிமிடம் கழித்துத்தான் தெரியும். "இன்றைக்கு மதியம் ஷிஃப்ட். ஒன்றரைக்கு" என்று வந்தது. அதன் பிறகு "வரார்" என்று ஒரு சொல் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் ஒன்று எனக்கு உறைத்தது. நான் புதுப்பித்துவிட்டதால் 'வெளியே பூட்டிய கதவு' என்ற தலைப்பு இப்போது முதல் பக்கத்தில் இருந்தது. அவர் பார்க்கும் பக்கம் அது. உடனே 287ஆம் பக்கத்தில் ஸிந்துஜா எழுதியதையும் நான் எழுதியதையும் தலைப்போடு சேர்த்து அழித்து, மேலே போய்ப் பொருளடக்கத்தை மறுபடி புதுப்பிக்கக் கொடுத்தேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலாளி இரண்டு நிமிடம் என்கிறார். தலைப்பு போன பிறகு பார்த்தபோது நான் நாற்காலியில் இல்லை, நின்றுகொண்டிருந்தேன்.

அதன் பிறகு அச்செடுத்த தாளோடு நானும் முதலாளியும் காவல் நிலையம் போனோம். வாசலில் இருந்த காவலர், "புருஷன் பொண்டாட்டி விவகாரம்மா, அவுங்க அம்மாவ வந்து எழுதிக் குடுக்கச் சொல்லு" என்றார். நான், "அந்தம்மா வந்து எழுதறதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு எதுனா ஆயிட்டா யாரு சார் பதில் சொல்றது? இத ஒரு வாட்டி படிச்சிட்டுச் சொல்லுங்க" என்று சொல்லித் தாளை நீட்டினேன். உள்ளேயிருந்து வந்த தலைமைக் காவலர் நீலாம்பாள் அதை வாங்கி நின்றபடியே இரண்டு முறை படித்தார். அதன் பிறகு உள்ளே போய் ஆய்வாளரிடம் பேசிவிட்டு வந்து, "நீயும் ஜீப்புல ஏறும்மா" என்றார்.

சுமார் இரண்டே கால் மணிக்கு அந்த வீட்டை அடைந்தோம். கதவில் வெளியே பூட்டு தொங்கியது. நீலாம்பாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஜன்னல் திரை விலகியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் முன்னிலையில் பூட்டு உடைக்கப்பட்டது. ஸிந்துஜா இடது கையைப் புடவைக் கிழிசலால் கழுத்தோடு கட்டியிருந்தார். கதவு திறந்த பிறகும் அவர் வெளியே வரவில்லை. நிலைப்படிக்கு உள்ளேயே நின்று நீலாம்பாளைப் பார்த்து, "வரலாமா?" என்று கேட்டார். "வாம்மா" என்றார் நீலாம்பாள். ஒரு வருடமாக ஒரே கோப்பில் வேலை செய்திருந்தாலும் அதுவரை நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அவர் என்னைப் பார்த்து, "காந்தாக்காதானே?" என்றார். தலையை ஆட்டினேன். அதன் பிறகு அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அம்ருதவல்லி அம்மாளுக்கு நான்தான் நேரில் போய்ச் சொன்னேன். "போன்ல கேக்கறப்பெல்லாம் அவ தூங்கறான்னாரே மாப்பிள்ளை" என்று அந்த அம்மாள் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஸிந்துஜாவின் கணவர் வசிஷ்ட் என்பவர், மேற்படி எழுத்து நானே இட்டுக்கட்டி எழுதியது என்றும், அதனால்தான் அன்றே அழித்துவிட்டேன் என்றும் சொல்வதாக அறிகிறேன். அழித்தது நான்தான். அதை மறைக்கவில்லை. ஏன் அழித்தேன் என்று மேலே சொல்லியிருக்கிறேன். அந்தக் கோப்பில் யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு எதை எழுதினார், எதை நீக்கினார் என்ற பழைய பதிவுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவற்றைக் காவல் துறையினர் முன்னிலையில் திறந்து காட்டினேன். அந்தப் பத்தி ஆகஸ்ட் 13ஆம் தேதி பிற்பகலில் ஸிந்துஜாவின் பெயரில் எழுதப்பட்டதாக அதில் உள்ளது. வசிஷ்ட் என்பவரை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. எனக்கு அவரிடம் பகை ஏதும் இல்லை.

நேற்று திங்கட்கிழமை காலை ஸிந்துஜா மாவுக்கட்டுப் போட்ட கையோடு கடைக்கு வந்தார். யார் கூட வந்தது என்று வாசலை எட்டிப் பார்த்தேன். "யாரும் வரலைக்கா. நானே பஸ் ஏறி வந்தேன்" என்றார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். 288ஆம் பக்கத்திலிருந்து திருத்தத் தொடங்கினார்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் மாற்றச் சொன்னேன், மாற்றினார். இதில் இருப்பது அனைத்தும் நான் கண்டதும் செய்ததும்தான். யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ நான் இதைச் சொல்லவில்லை.

(ஒப்பம்)
து. காந்தா