விழுந்த அட்டை

பழைய சைக்கிள் கம்பியைத் தூக்கிப் போடக் கூடாது, ஐயா. வளைவு எடுத்து வைத்தால் எதற்காவது உதவும்.

நான் நேசகுமார், நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எழுத்தர். புதிதாக மருந்து கலக்கும் அறை கட்டியபோது, அதற்கு என்னென்ன வேண்டும் என்று எல்லோரிடமும் கேட்டு எழுதச் சொன்னார் முதலாளி சீனிவாசகம். ஒரு தேவைக்கு ஓர் அட்டை. ஓரத்தில் நான்கு துளைகள்: யார், எப்போது, எவ்வளவு, எப்படிச் சரிபார்ப்பது. பதில் இல்லாத துளையை விளிம்பு வரை வெட்டிவிடுவேன். அட்டைகளை அடுக்கி, ஒவ்வொரு துளையிலும் தனித்தனியாகக் கம்பியைக் கோத்துத் தூக்கினால் அரைகுறையானவை தாமாக விழுந்துவிடும். என் கண்டுபிடிப்புதான்.

மருந்து கலப்பவர்களில் மூத்தவள் பத்திரகாளி.

"பயம் வந்தா வேலையப் போட்டுட்டு வெளிய வந்துரலாம்னு எழுதுங்க தம்பி" என்றாள்.

"எம்புட்டுப் பயம் வந்தா?"

"படியில அளந்து தர நான் என்ன அரிசிக் கடையா வச்சிருக்கேன்?"

அவள் அட்டை விழுந்தது. காற்றில் மருந்து பறக்காதிருக்க, கலந்து முடியும் வரை எழுத்தர் கதவை வெளியே தாழிட வேண்டும் என்ற அட்டை விழவில்லை. அதில் நான்கு பதிலும் இருந்தன.

"படிச்ச பிள்ளைன்னா இவன்தாம்லே" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மதியம் பத்திரகாளியும் அவளோடு மருந்து கலக்கும் சோலையம்மாளும் உள்ளே இருந்தார்கள். நான் தாழிட்டிருந்த கதவு தட்டப்பட்டது.

"தம்பி, மருந்து சுடுது. தெறங்க."

"கலந்து முடிச்சாச்சா?"

"முடியல. பயமா இருக்கு, சாமி."

என் விரல் தாழ்ப்பாளில்தான் இருந்தது. திறந்தால், விழுந்த அட்டை சரி, விழாத அட்டை தப்பு என்று ஆகிவிடும். முதலாளி கேட்டால் என்ன சொல்வது? எனக்கும் பயம்தான். விரலை எடுத்தேன். தட்டும் சத்தம் கேட்காத தூரம் வரை, வேப்பமரங்களைத் தாண்டி நடந்தேன். பயம் வந்தால் வெளியே போய்விட வேண்டும் என்று அவள் சொன்னதை அன்று செய்தவன் நான் ஒருவன்தான்.

பிறகு அந்த அறை இல்லை.

நேற்று உங்கள் ஏட்டையாவிடம் ஓர் அட்டை கேட்டு வாங்கித் திருத்தி எழுதினேன்: 'உள்ளே இருப்பவர் மூன்று முறை தட்டினால் எழுத்தர் உடனே கதவைத் திறக்க வேண்டும்.' இது விழாது. ஆகவே கருவியில் குறை இல்லை, ஐயா. அவள்தான் சரியாகச் சொல்லவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். ராத்திரி இந்த அறையை வெளியே தாழிடாதீர்கள். பயமாக இருக்கிறது. எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.