ஒல்லாந்துப் பிள்ளைக்கு ஓர் அர்ச்சனை

சென்ட் லோரன்ட் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், மடியில் அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இண்டைக்கு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்கும் அர்ச்சனை, அக்கா," என்றாள் இளையவள்.

"ஆரடி அது?"

"ஹொலண்டிலை தங்கச்சியின்ரை பக்கத்து வீட்டுப் பிள்ளை. பத்தொன்பது வயசிலையே நாட்டுக்காக ஹொக்கி விளையாடுறவள்."

"இஞ்சத்தையப் போலை ஐஸிலை விளையாடி விழுந்திட்டாளோ?"

"அங்கை புல்லிலைதான் விளையாட்டு. முழங்காலிலை சவ்வு அறுந்துபோச்சு. நாளைக்கு ஒப்பரேசன். பேந்து விளையாடுவாளோ தெரியாது."

"அதுக்கு நீ ஏன் அர்ச்சனை செய்யிறாய்?"

"தங்கச்சியின்ரை மகள், என்ரை பெறாமகள், அங்கை போன புதிசிலை பள்ளிக்கூடத்திலை வாயே திறக்கேல்லை. இவள்தான் சனிக்கிழமையிலை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், தன்ரை பழைய மட்டையைக் குடுத்து விளையாட விட்டவள். இப்ப எங்கடை பிள்ளையின்ரை கதையை நிப்பாட்டேலாது."

மூத்தவள் சற்று யோசித்தாள். "ஐயர் நட்சத்திரம் கேப்பார். என்ன சொல்லுவாய்?"

"பெறாமகள் போனிலை சொல்லிப்போட்டாள். 'என்ரை நட்சத்திரத்தைச் சொல்லுங்கோ பெரியம்மா, ரெண்டு பேருக்கும் காணும்' எண்டு."

மூத்தவள் தன் தட்டிலிருந்த செவ்வரத்தம்பூவை எடுத்து இளையவளின் தட்டில் வைத்தாள்.

"இதையும் அவளின்ரை பேரிலை குடு."

நான் அந்தப் பிள்ளையின் கால் சுகமாகவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு இறங்கினேன்.