மேட்டிலும் ரோட்டிலும் ஓடும் மோட்டார் தந்த துர்காதேவி அம்மையாருக்கு

காந்தத்துக்கே கடிவாளமிட்ட கைகளே! கணக்கில் கறாரும் கருத்தில் கனிவும் கொண்ட எங்கள் தலைமை வடிவமைப்பாளரே! இருபத்தாறாண்டுப் பணி நிறைவு காணும் இந்நாளில், தங்கள் கதையைத் தங்களுக்கே சொல்லத் துணிகிறோம், பொறுத்தருள்க!

நான்காண்டுகளுக்கு முன், பந்தல்குடி சீனிச்சாமி தம் மின்சார லோடு ஆட்டோக்களுக்கு எங்கள் அருப்புக்கோட்டைப் பட்டறையில் மோட்டார் கேட்டார். நூல் மூட்டையோடு மேடேற வேண்டும். மூட்டையை இறக்கினால் தூத்துக்குடி ரோட்டில் விரைய வேண்டும். அம்மையார் சுழலும் உருளையின் மேல் வலுவான காந்தங்களை ஒட்டினார். மூட்டையோடு வண்டி மேடேறியது. வெறும் வண்டியோ முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட மறுத்தது.

"பஸ்ஸுக்காரன் ஆரனடிச்சே காதைக் கிழிச்சுட்டாம்மா!" என்று வந்து நின்றார் சீனிச்சாமி.

முதலாளி சங்கையா பேட்டரி மீது பழிபோட வாயெடுத்தார். அம்மையார் முந்திக்கொண்டார். "பேட்டரி சரியாத்தாங்க இருக்கு. தப்பு என் வடிவமைப்புல."

வேகம் கூடக் கூட, காந்தமே எதிர் மின்னழுத்தத்தை எழுப்பிப் பேட்டரியின் மின்சாரத்தை மறித்தது. வெளியூர் மோட்டாரையே வாங்கிப் பொருத்துவோம் என்றார் சங்கையா. அப்படியானால் கம்பி சுற்றும் ஒன்பது பெண்களுக்கு வேலை இராது.

"ஒரு மாசம் குடுங்க" என்றார் அம்மையார்.

அந்த ஒரு மாதம்! காந்தத்தைக் குறைத்தார், மிஞ்சியதை உருளையின் இரும்புக்குள் புதைத்தார், குறைந்த விசையை இரும்பின் ஈர்ப்பைக் கொண்டே ஈடுகட்டினார், வேகமெடுக்கையில் காந்தப்புலம் தணியும்படி மின்னோட்டத்தைத் திருப்பினார். காந்தத்தைத் தாங்கிய மெல்லிய இரும்பு விளிம்பு சோதனையில் இருமுறை பிளந்தது. மூன்றாம் முறை தாங்கியது.

சோதனை ஓட்டத்தன்று மூட்டைகளோடு மேடேறி, அவற்றைப் பாளையம்பட்டியில் இறக்கிவிட்டு, தூத்துக்குடி ரோட்டில் விரைந்தது வெறும் வண்டி. ஸ்கூட்டரில் நாற்பதைத் தாண்டினாலே கண்ணை மூடிக்கொள்ளும் அம்மையார் சீனிச்சாமியின் பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

"யம்மா, கெட்டியாப் பிடிங்க! அறுபதைத் தாண்டிருச்சு!"

"இன்னுங் கொஞ்சம் முறுக்குங்கண்ணே!"

பட்டறை வாசலில் ஒன்பது பெண்களும் காத்து நின்றார்கள். அம்மையார் இறங்கி, மோட்டாரின் சூட்டை முதலில் அளந்து பார்த்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் அவர்களில் ஒருவரான ராஜேஸ்வரி.

"கம்பியை எடுத்து வைங்க. நாளைக்கே சுத்த ஆரம்பிக்கணும்."

அன்று எழுந்த ஆரவாரம் இன்றும் எங்கள் செவிகளில் இனிக்கிறது!

தவற்றை ஒப்பும் தைரியமும், அதைத் திருத்தும் திறமும் ஒருங்கே பெற்ற தாயே! நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க! காலையில் கண்ணயர்ந்து உறங்குக! கைபேசியை மட்டும் அணைத்து வைக்காதிருப்பீராக! சந்தேகம் வந்தால் நாங்கள் யாரைக் கேட்போம்?

நீங்காத அன்புடன்,
பட்டறைத் தோழர்கள், தோழியர் அனைவரும்
அருப்புக்கோட்டை