உடையாத பாதாம் ரொட்டி

அம்மா கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்று காலையில் கேட்டீர்கள், டாக்டர். பாதாம் மாவு ரொட்டி இரண்டு, கொஞ்சம் பனீர் என்று சொன்னேன். அதில் பொய் இல்லை. நேற்று ராத்திரி அவள் சாப்பிட்டது சுத்தமான பாதாம் ரொட்டிதான். போன வாரம் வரை மூன்று மாதம் சாப்பிட்டது அது இல்லை.

அப்பா சூரத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறார். எங்கள் துணிக்கடைக்கு ஆடித் தள்ளுபடிச் சரக்கு எடுக்கப் போனவர். அவர் வந்துவிட்டால் என்னால் பேச முடியாது. அம்மா இன்னும் கண் திறக்கவில்லை. அம்மா போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசியின் அளவு ஏன் இவ்வளவு அதிகமாக இருந்தது என்று நர்ஸிடம் நீங்கள் கேட்டது என் காதில் விழுந்தது. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பாதாம் மாவில் ரொட்டி தட்டினால் உடையும். ஓரம் விரியும், திருப்பும்போது நடுவில் பிளக்கும். அம்மா அந்த உடைசலைச் சாப்பிட்டுத்தான் எண்பத்து நாலு கிலோவிலிருந்து அறுபத்தொன்றுக்கு வந்தாள். சோறு, இட்லி, பழம் எதுவும் கிடையாது. பிறகு இரண்டு வருடம் அறுபத்தொன்றிலேயே நின்றாள். ஆழ்வார்பேட்டை டாக்டர் சர்க்கரை ஊசியையே நிறுத்திவிட்டார். "குறைக்கறது பெருசில்ல, குறைஞ்ச எடத்துல நிக்கணும், அதான் கஷ்டம்" என்று எல்லோரிடமும் சொல்வாள்.

எல்லோரிடமும் ஒரு போட்டோவும் காட்டுவாள். திருச்செந்தூர் கோயில் வாசலில் எடுத்தது. நானும் அவளும் ஒரே நிறத்தில் சுடிதார், ஒரே பருமன். "இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் மக தீபிகா. நான் எறங்கிட்டேன், அவ இன்னும் பஸ்ஸுலயே இருக்கா" என்பாள். எங்கள் அபார்ட்மென்ட் குரூப்பிலும் அதையே எழுதிப் போட்டாள். நாற்பது பேர் சிரித்தார்கள். எனக்கு இறுகிப்போன சுடிதார்களை அவள்தான் போட்டுக்கொண்டாள். "ஒனக்குப் பத்தலங்கறதுக்காக தூக்கியா போட முடியும்?" என்றாள். அது நியாயம்தான். நான் கோபப்படவில்லை.

முதலில் அவளுடைய பாதாம் மாவு டப்பாவில் ஒரு கரண்டி கோதுமை மாவுதான் கலந்தேன். தோலோடு அரைத்த பாதாம் மாவும் கோதுமை மாவும் ஏறக்குறைய ஒரே நிறம். ரொட்டி உடையாமல் வந்தது. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். எதிர் வீட்டு ஸ்ரீரஞ்சனி மாமி ஒன்று பிட்டுப் பார்த்துவிட்டு, "ஜெயா, உன் கைல என்ன மாயம்? எங்காத்துல உதிர்ந்து உதிர்ந்துன்னா போறது" என்றாள். "பழக்கம்தான் மாமி, மாவை வெந்நீர்ல பெசையணும்" என்று அம்மா சொல்லிக் கொடுத்தாள். அம்மாவுக்கு நான் ஒரு நல்லது செய்ததாகத்தான் அன்றைக்கு நினைத்தேன். அடுத்த வாரம் இரண்டு கரண்டி. ஒரு மாதத்தில் பாதிக்குப் பாதி.

எடை அறுபத்து மூன்றானபோது அம்மா மெஷினைச் சந்தேகப்பட்டாள். குளியலறையிலிருந்து ஹாலுக்கும், ஹாலிலிருந்து பால்கனிக்கும் மாற்றி வைத்து ஏறிப் பார்த்தாள். அறுபத்தைந்தானபோது அப்பா அவளைச் சந்தேகப்பட்டார். அவருக்கு எதையும் சிரித்துக்கொண்டே கேட்கத்தான் தெரியும்.

"ஏட்டி, நா கடைக்குப் போனப்புறம் எதும் திங்கியா? சும்மா சொல்லு."

"முருகன் சத்தியமா இல்லங்க."

"பொறவு எப்படி? காத்தக் குடிச்சா எட போடுது?"

நான் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். அம்மா என்ன பதில் சொல்வாள் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. அவள் போய் மறுபடி மெஷினில் ஏறினாள்.

ரத்தப் பரிசோதனையிலும் சர்க்கரை ஏறியிருந்தது. "ஒளிச்சு சாப்பிட்டா எனக்குத் தெரியாதாம்மா?" என்று ஆழ்வார்பேட்டை டாக்டர் கேட்டார். ஊசியை மறுபடி ஆரம்பித்தார், இரண்டு முறை கூட்டினார். இரண்டாவது முறை நானும் கூடப் போயிருந்தேன். என்னிடம்தான் சொன்னார்: "அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டினாலோ, கை நடுங்கினாலோ, சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சுன்னு அர்த்தம், ஒடனே சர்க்கரை குடுக்கணும். தள்ளிப் போடக் கூடாது." படுக்கைக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் சர்க்கரை வைத்துக்கொள்ளவும் சொன்னார். அம்மா வைத்துக்கொள்ளவில்லை. அதைக்கூடத் தின்றுவிடுவோம் என்று பயந்தாள்.

ஏனென்றால் அதற்குள் அவள் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். தூக்கத்தில் எழுந்து போய்ச் சாப்பிடுகிறவர்கள் உண்டாம். எங்கோ படித்திருக்கிறாள். ஒருநாள் சமையலறைக் கதவுக்குக் கொண்டியும் பூட்டும் போட்டு, சாவியை என் கையில் வைத்தாள்.

"ராத்திரி நீ வெச்சுக்கோ. அப்பாகிட்ட குடுத்தா நா கேட்டதும் குடுத்துருவாரு. நா கெஞ்சுனாலும் தொறக்காத தீபி. நீ ஒருத்திதான் என்னைய ஒண்ணும் கேக்கல."

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. அதனால்தான் கோதுமை மாவை நிறுத்தினேன்.

இல்லை. அதற்குப் பிறகும் ஒன்பது நாள் கலந்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு, "கடைக்காரன்தான் இதுல என்னமோ கலக்கான். மாமி பையன் லேப்ல இருக்கான்ல, நாளைக்கு அவங்கிட்ட குடுத்துப் பாக்கச் சொல்லுதேன்" என்றாள். அவள் குளிக்கப் போனதும் டப்பாவைக் கழுவித் துடைத்தேன். புதுப் பாக்கெட் பிரித்து நிரப்பினேன். அன்றிலிருந்து மூன்று நாள் சுத்தமான பாதாம். ரொட்டி மறுபடி உடைந்தது. அம்மா உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அதை வாயில் போட்டுக்கொண்டாள். ஊசி மட்டும் கோதுமைக்குக் கூட்டிய அளவிலேயே இருந்தது. நான் நிறுத்தாமல் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. இதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நேற்று ராத்திரி இரண்டரை மணி இருக்கும். முதலில் சமையலறைப் பூட்டு ஆடுகிற சத்தம். பிறகு என் கதவு. மெதுவாகத்தான் தட்டினாள்.

"தீபி. சாவி குடு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. வார்த்தை குழறியது. மூன்றாவது தடவை தட்டவில்லை. கதவில் சாய்ந்துகொண்டாள் போல, மரம் லேசாக முனகியது.

"தீபி, வேர்க்குதுட்டி."

காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தபோது அங்கேயே கிடந்தாள். நைட்டி முழுக்க நனைந்திருந்தது. மாமியைக் கூப்பிட்டேன். மாமிதான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள்.

கெஞ்சினாலும் திறக்காதே என்று அம்மாவே சொல்லியிருந்தாள், நான் அவள் சொல்லைக் காப்பாற்றினேன். அப்பா வந்தால் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று சாயங்காலம் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நம்பிவிடுவார். ஆனால் அம்மா ராத்திரியில் எழுந்து திருடித் தின்கிறவள் இல்லை. அது அந்த வீட்டில் அப்பாவுக்குத் தெரியாது, அம்மாவுக்கே தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். வேர்த்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும்.

நான் தூங்கவில்லை. சாவி என் உள்ளங்கையில் இருந்தது, சூடாக. கட்டிலிலிருந்து கதவு நாலு எட்டு.

நான் ஏன் எழுந்து போகவில்லை, டாக்டர்?